இராசமலர் எண்ணிய திமிங்கிலங்கள்

என் தங்கச்சி இராசமலர் ஏழு வயதில் மலேரியாக் காய்ச்சலை வென்றாள். பதினொரு வயதில், இனிக் கிடைக்காது என்று எங்கள் தகப்பன், அப்பு, கைவிட்ட ஐந்து மாடுகளைக் காட்டுக்குள்ளிருந்து தனியாக ஓட்டிச் சாய்த்துக்கொண்டு வந்தாள். பத்தொன்பது வயதில், தனக்குப் பிடிக்காத சம்பந்தம் ஒன்றை, மாப்பிள்ளை வீட்டார் முற்றத்தில் இருக்கும்போதே வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பிறகும் அப்புவின் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இருபத்திரண்டு வயதில், பள்ளிக்கூட வாசலை மிதித்திராத அவள், எஸ்.எஸ்.சி. சித்தியடைந்த ஒருவரையும் அப்புவின் பிடிவாதத்தையும் ஒரே சனிக்கிழமை வென்றாள். முல்லைத்தீவுக் கடலுக்குள் எத்தனை திமிங்கிலக் கூவல்கள் கேட்கின்றன என்று எண்ணும் வேலைக்காகத்தான் அந்தப் போட்டி.

இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதை நம்பாதவர்கள் பலர். ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். நாட்களையும் எண்ணிக்கைகளையும் என் தையல் கொப்பியின் பின்பக்கத்தில் அன்றன்றே குறித்து வைத்தேன். அவற்றில் பிழை இராது.

அப்புவுக்கு உருத்திரபுரத்தில் வயற்காணி கிடைத்தது 1949ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஆறு. படித்துக்கொண்டிருந்த என்னை வடமராட்சியில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, இன்னும் பள்ளிக்கூடம் தொடங்காத அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அப்போது காடு வெட்டி முடியவில்லை, பள்ளிக்கூடம் எங்கே. ஏழாம் வகுப்பு முடித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு எழுதத் தெரிந்திருந்தது. அவளுக்கு மாடு பார்க்கத் தெரிந்திருந்தது. இந்த வித்தியாசத்துக்காக அவள் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

மாடு பார்ப்பது என்றால் வன்னியில் கண்ணால் பார்ப்பது அல்ல. மாடுகள் பற்றைக் காட்டுக்குள் போய்விடும். கழுத்து மணிகளின் சத்தம் மட்டும்தான் வெளியே வரும். மலர் வாய்க்கால் கட்டின்மேல் இருந்துகொண்டு, "பதினாலு வருது அக்கா. சிவலைக்குப் பின்னால வேற ஆற்றையோ நாம்பனும் ஒண்டு வருது" என்பாள். கொஞ்ச நேரத்தில் பற்றை விலகும். நான் விரல் விட்டு எண்ணுவேன். பதினாலு மாடுகள், கடைசியில் வேறு யாருடையதோ ஒரு நாம்பன் காளை. அவள் பிழை விட்டதை நான் பார்த்ததே இல்லை. இரண்டு மணிகள் ஒரே நேரத்தில் அடித்தாலும் அவளுக்கு இரண்டாகத்தான் கேட்கும்.

1960இல் நான் கலியாணம் முடித்து முல்லைத்தீவுக்கு வந்தேன். என் கணவர் கதிர்காமநாதன் வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். பற்றறிகளுக்கு மின்னேற்றுவதும் அவர்தான். அந்தப் பற்றறிகளைத் தேடித்தான் 1965 தை மாதம் தில்லைநாதன் சேர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொழும்பிலிருந்து வந்தவர், கடல் உயிர்களைப் பற்றி வெளிநாட்டில் படித்தவர். எங்கள் முன் விறாந்தையோடு சேர்ந்த அறையை எடுத்து, ஒரு பெரிய றேப் றெக்கோடரையும் நாலு பெட்டி நிறைய ஒலிநாடாச் சுருள்களையும் இறக்கினார்.

அவர் எங்களுக்குச் சொன்ன விளக்கம் எளிமையானது. தெற்கே தூரக் கடல்களில் பெரிய கப்பல்கள் திமிங்கிலங்களை வேட்டையாடுகின்றன. எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மூச்சு விட மட்டும் மேலே வந்து மறைகிற மிருகத்தைக் கண்ணால் எண்ண முடியாது. ஆனால் அது தண்ணீருக்குள் கூவும். அந்தக் கூவல் பல மைல் தூரம் போகும். ஒரே ஆறு இடங்களில், ஒவ்வொரு வாரமும், ஒரே அளவு நேரம் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிந்து, கூவல்களை எண்ணிக்கொண்டே வந்தால், அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லிவிடலாம்.

அவரைக் கடலுக்குக் கொண்டுபோனவர் ஜமால்தீன் நானா. வள்ளம் அவருடையது. முதல் நாள் கரைக்குத் திரும்பியதும் எங்கள் வேலிப் படலையில் நின்று சொன்னார்:

"தங்கச்சி, முப்பது வருசமா இந்தக் கடல்ல போறன். கடலுக்குக் காது வைக்கப் போறன் எண்டு ஒரு மனிசன் இப்பதான் வந்திருக்கிறார்."

"ஏதும் கேட்டுதோ நானா?"

"எனக்கு என்ன கேக்கும்? அவர் காதில ரெண்டு சிரட்டையை மாட்டிக்கொண்டு சிரிக்கிறார். கறுப்புக் கத்தரிக்காய் மாதிரி ஒண்டைக் கயித்தில கட்டித் தண்ணிக்குள்ள விட்டிருக்கு. எஞ்சினை நிப்பாட்டு, இருமாதை, பீடி பத்தாதை எண்டு சட்டம் வேற. பீடிக்கு என்ன சத்தம் கிடக்கு?"

அன்றிலிருந்து அந்த ஒலிவாங்கிக்கு எங்கள் வீட்டில் கத்தரிக்காய் என்றுதான் பெயர். சேரும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்.

சுருள்களைப் போட்டுக் கேட்டு எண்ணுவதற்கு மயில்வாகனம் என்பவரை அவர் வைத்திருந்தார். வவுனியாப் பக்கத்தவர், எஸ்.எஸ்.சி. பாஸ், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரே ஒரு குறைதான்: வள்ளத்தில் கால் வைத்தால் வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுப்பார். ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்விட்டு, "இவர் திமிங்கிலத்துக்குச் சாப்பாடு போட வந்தவரோ" என்று கேட்ட ஜமால்தீன் நானா, மறுமுறை ஏற்றவில்லை.

திமிங்கிலத்தின் குரல் மிகவும் அடித்தொண்டைக் குரல். பதிந்த வேகத்திலேயே போட்டால் எங்கேயோ லொறி போவதுபோல ஒரு இரைச்சல், அவ்வளவுதான். நாலு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால்தான் அது கூவலாகக் கேட்கும். குளத்துக்கு அக்கரையில் நிற்கிற பசு கன்றைக் கூப்பிடுவது போல, நீளமாக, கடைசியில் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். முதல்முறை கேட்டபோது கையில் ஊசியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மாசி மாதம் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. உதவிக்கு மலர் வந்தாள். சிறுபோக வயல் வேலை தொடங்கும் மட்டும் நிற்கட்டும் என்பது அப்புவின் கட்டளை.

சித்திரை, அதாவது ஏப்ரல், 27ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம். மயில்வாகனம் சுருளைப் போட்டுக் கேட்டுக்கொண்டு தாளில் கோடு கீறிக்கொண்டிருந்தார். மலர் தேத்தண்ணியோடு போனவள் திரும்பவில்லை. அடுத்த அறையில் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் பேச்சு முழுவதும் கேட்டது.

"மாஸ்டர், ரெண்டாவதை விட்டிட்டீங்கள்."

"எந்த ரெண்டாவதை?"

"முன்னுக்கு நிண்டு கத்திறது ஒண்டு. அது முடிக்க முதல் பின்னால, எட்டத்தில, இன்னொண்டு தொடங்குது. அது வேற மாடு."

"இது மாடில்லைப் பிள்ளை. திமிங்கிலம். உலகத்திலேயே பெரிய மிருகம்."

"பெரிசெண்டால் ரெண்டு நிக்கேலாதோ?"

"நீர் தேத்தண்ணியை வைச்சிட்டுப் போம்."

தில்லைநாதன் சேர் விறாந்தையில் வரைபடத்தோடு இருந்தார். எழுந்து வந்து, சுருளைத் திருப்பிப் போடச் சொன்னார். ஒருமுறை கேட்டார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் முறை, மலர் சரியான இடத்தில் விரலைத் தூக்கிக் காட்டினாள். அவர் முகம் மாறியதை நான் கதவு நிலையில் நின்று பார்த்தேன்.

"ஓம். இரண்டு," என்றார் மெதுவாக. "தங்கச்சி, இதை எங்கே பழகினனீங்கள்?"

"பழகேல்லைச் சேர். மாட்டு மணி கேட்டுக் கேட்டு வந்தது."

அன்று முதல் ஒவ்வொரு பின்னேரமும் அவள் சுருள் கேட்கப் போனாள். சமையல் ஒரு பொழுதாயிற்று, பிள்ளையின் துணிகள் தேங்கின. அவற்றை நானே துவைத்துக்கொண்டேன். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. சோறு போடும்போது, "அக்கா, இண்டைக்கு ஒண்டு வடக்கால போகுது. வர வரச் சத்தம் மெலியுது" என்பாள். கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவள், அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தச் செய்தி எப்படியோ பஸ் கொண்டக்டர் மூலம் உருத்திரபுரத்துக்குப் போய்விட்டது. வைகாசி முடிய முதல் அப்புவிடமிருந்து பதில் வந்தது. ஊர் ஆம்பிளையோடு ஒரு அறையில் இருந்து மீன் சத்தம் கேட்பதற்குத் தான் பிள்ளையை அனுப்பவில்லையாம். வெள்ளிக்கிழமை தான் வருவதாகவும், ஞாயிறு காலைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். நான் நயந்து சொல்லி அனுப்பி வாங்கிய ஒரே வார்த்தை, நிரந்தரமான வேலை என்றால் மட்டும் யோசிக்கலாம் என்பது. அதற்குமேல் அவர் இறங்கவில்லை.

இவளுக்கு நிரந்தரமான வேலை உண்டோ என்று நான் தில்லைநாதன் சேரிடம் நேராகவே கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: ஆனி நடுவில் தான் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். கரையில் இருந்து எண்ணுவதற்கு ஒருவரைத்தான் வைக்க அனுமதி. இன்னொரு இடம் உண்டு. அது வள்ளத்தில் போய்ப் பதிகிற இடம். ஒரு பெண்பிள்ளையை அதற்கு அனுப்ப உங்கள் அப்பு சம்மதிக்க மாட்டார். ஆகவே எண்ணுகிற இடம் யாருக்கு என்று தீர்க்க வேண்டும்.

தீர்ப்பதற்கு ஒரு வழியும் அவரிடம் இருந்தது. பங்குனியில் பத்துச் சுருள்களின் பிரதிகளை அவர் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார். அங்கே ஒரு இயந்திரம் ஒலியைக் கடதாசியில் கோடாகக் கீறிக் காட்டும். அந்தக் கோடுகளைப் பார்த்து எண்ணிய விடை கடித உறையில் ஒட்டியபடி வந்திருந்தது. அவரே இன்னும் பிரிக்கவில்லை. அந்தப் பத்துச் சுருள்களையும் மயில்வாகனமும் மலரும் தனித்தனியாகக் கேட்டு எண்ண வேண்டும். யாருடைய எண்ணிக்கை உறைக்குள் இருப்பதோடு கிட்டவாக இருக்கிறதோ, இடம் அவருக்கு.

மயில்வாகனத்துக்கு வியர்த்தது. தோற்றால் அவருக்கு வள்ளம். மலருக்கோ தோற்றால் ஞாயிறு காலைப் பஸ்.

மலருக்கு எழுதத் தெரியாதே, எப்படி எண்ணிக்கையைக் கொடுப்பாள் என்ற கேள்வி வந்தது. ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்துச் சிரட்டைக்குள் போடுவது என்று அவளே சொன்னாள். சுருள் முடிந்ததும் நான் சிரட்டையை வாங்கி, கொட்டைகளை மேசையில் கொட்டி, ஐந்து ஐந்தாக நிரைப்படுத்தி, எண்ணி, எழுதுவேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை எண்ணினேன். ஆனி, அதாவது யூன், 2, 3, 4ஆந் திகதிகளில் இது நடந்தது. கேட்கும்போது அறைக்குள் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது சேரின் விதி.

வெள்ளி பின்னேரம் அப்பு வந்து இறங்கினார். பனையோலைக் கடகத்தில் மாம்பழமும் நெய்ப்போத்தலும் இருந்தன. இருக்கக் கதிரை போட்டேன்; அதில் இருக்கவில்லை, நிலத்தில் இருந்தார்.

"எங்கை அந்தத் திமிங்கிலக்காரி?"

"உள்ளுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறாள் அப்பு. இண்டையோடை முடியுது."

"எண்ணி என்ன, பிடிச்சுக் கட்டப் போறாளோ? உழவுக்கு மாடு சேர்க்க ஆளில்லாமல் நிக்கிறன்."

மறுநாள் சனிக்கிழமை, ஆனி 5. காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் அறைக்குள் கூடினோம். ஜமால்தீன் நானாவும் வந்து யன்னலுக்கு வெளியே நின்றார். சேர் உறையைப் பிரித்து, மூன்று நிரல்களாக ஒரு தாளில் எழுதினார். எழுதிக்கொண்டு போகப் போக அவர் முகம் வாடியது. கடைசியில் கூட்டினார்.

இயந்திரத்தின் எண்ணிக்கை: நூற்று முப்பத்தேழு.

மயில்வாகனம்: நூற்று முப்பத்தாறு.

மலர்: நூற்று இருபத்தெட்டு.

"ஒன்றுதான் வித்தியாசம்," என்றார் சேர், மயில்வாகனத்தைப் பார்த்து. பிறகு மலரைப் பார்த்தார். "ஒன்பது குறையுது தங்கச்சி."

அப்பு எழுந்து தோளில் சால்வையைப் போட்டார். மயில்வாகனம் நல்ல மனிதர். சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "கிட்டத்தட்டச் சரியாத்தான் எண்ணியிருக்கிறா" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

எனக்கு மனம் ஆறவில்லை. கொட்டைகளை இரண்டு முறை எண்ணியவள் நான். தாளைத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, கூட்டுத்தொகையை விட்டுவிட்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். முதலாம் சுருள்: இயந்திரம் பதினாலு, மலர் பதின்மூன்று. இரண்டாவது: ஒன்பது, எட்டு. மூன்றாவது: இருபத்திரண்டு, இருபத்தொன்று. எட்டாம் சுருளில் முப்பத்தொன்று, அவள் முப்பது.

மயில்வாகனத்தின் நிரலையும் பார்த்தேன். மூன்றாவதில் மூன்று குறைவு. எட்டாவதில் நாலு குறைவு. இரண்டாவதில் இரண்டு கூட, ஐந்தாவதிலும் ஒன்பதாவதிலும் ஒவ்வொன்று கூட. கூடினதும் குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கூட்டுத்தொகை மட்டும் ஒத்துவந்திருந்தது. பத்தில் நாலு சுருள்தான் அவருக்குச் சரி.

"சேர்," என்றேன், "மாஸ்டர் பிழை விட்டது ஒவ்வொரு இடத்தில ஒவ்வொரு மாதிரி. இவள் குறைஞ்சது எல்லா இடத்திலயும் ஒண்டே ஒண்டு. ஒருக்கா என்ரை அளவு நாடாவில முதல் அங்குலம் கிழிஞ்சு போச்சு. அது தெரியாமல் வெட்டின சட்டை எல்லாம் ஒரு அங்குலம் கட்டை. என்ரை கையில பிழையில்லை, நாடாவிலதான் பிழை. இதுவும் அப்பிடி."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "எல்லாவற்றிலும் இல்லையே. ஆறாம் சுருளைப் பாருங்கோ. இயந்திரம் பூச்சியம், இவவும் பூச்சியம்."

அது உண்மைதான். அந்தச் சுருளில் திமிங்கிலமே இல்லை. தூரத்தில் போன கப்பலின் இரைச்சல் மட்டும். மயில்வாகனம் அதிலும் இரண்டு திமிங்கிலக் கூவல் எழுதியிருந்தார்.

நான் மலரைப் பார்த்தேன். "மலர், ஒவ்வொரு சுருளிலயும் முதல் கூவலுக்கு எடுத்த கொட்டை எங்கை?"

"பிள்ளையாருக்கு வைச்சனான்."

"எந்தப் பிள்ளையாருக்கு?"

அவள் றேப் றெக்கோடரின் பின்பக்கத்தைக் காட்டினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். யன்னல் கட்டின்மேல், வெற்றிலை ஒன்றின் மேல், அறுகம்புல் குத்திய சின்னச் சாணிப் பிள்ளையார். அவர் முன்னால் புளியங்கொட்டைகள் ஒரு நிரையாக இருந்தன. சேர் குனிந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்பது.

"இதை நான் ஏதோ மண்கட்டி எண்டு நினைச்சன்," என்றார் மயில்வாகனம்.

சேருக்கு விளங்கவில்லை. "ஏன் அங்கே வைச்சனீங்கள்?"

மலர் பதில் சொல்ல முதல் அப்பு முன்னால் வந்துவிட்டார். அவருக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. "என்ன தம்பி கேள்வி இது? சூடு அடிச்சு நெல்லளக்கேக்கை முதலளவு பிள்ளையாருக்கு. அதை ஒதுக்கி வைச்சிட்டுத்தானே பிறகு எண்ணுறது. முதலளவையும் வீட்டுக்குக் கொண்டுபோற ஆக்கள் எங்கையேனும் இருக்கினமோ?"

"அப்ப ஆறாம் சுருளில்?"

"அதில ஒண்டும் வரேல்லையே சேர்," என்றாள் மலர். "சாமிக்கு எதை எடுத்து வைக்கிறது?"

யன்னலுக்கு வெளியே ஜமால்தீன் நானா சிரித்த சிரிப்பில் எங்கள் வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின. எனக்கு வெட்கமாகவும் இருந்தது. நானும் அதே களத்தில் நெல்லளந்த பிள்ளைதான். கொட்டைகளைக் கொட்டி எண்ணும்போது அந்த முதல் அளவை நான் நினைக்கவே இல்லை.

சேர் பேனையை எடுத்தார். மலரின் நிரலில், ஆறாவதைத் தவிர மற்ற ஒன்பது எண்களோடும் ஒவ்வொன்றைக் கூட்டி எழுதினார். பத்துச் சுருளும் அச்சொட்டாக ஒத்துவந்தன. இரண்டு திமிங்கிலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூவின மூன்றாவதும் எட்டாவதும்கூட. எட்டாம் சுருளை எண்ண இயந்திரக் கோட்டைப் பார்த்தவர்களுக்கே இரண்டு நாள் பிடித்ததாகக் கடிதத்தில் எழுதியிருந்தது. இவள் கால் மணித்தியாலத்தில் எண்ணியிருந்தாள்.

"ஆனா தங்கச்சி," என்றார் சேர், "இனிமேல் முதல் கூவலையும் சேர்த்து எண்ண வேணும்."

மலர் தலையை ஆட்டவில்லை. "பிள்ளையாருக்கு வைக்காமல் என்னால எண்ணேலாது."

கைக்கு வந்ததை இவளே தட்டிவிடப் போகிறாளோ என்று பயந்தேன். சேர் கொஞ்சம் யோசித்தார்.

"பிள்ளையாருக்கும் வையுங்கோ. அக்கா எண்ணும்போது அதையும் சேர்த்து எழுதட்டும்."

"ஒரே அளவை ரெண்டு இடத்தில காட்டுறதோ?" என்றார் அப்பு.

"இது நெல்லில்லை அப்பு," என்றார் சேர். "சத்தம். குடுத்தாலும் குறையாது."

அப்பு பிள்ளையாரைப் பார்த்தார், சேரைப் பார்த்தார். பிறகு சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகக் கதிரையில் இருந்தார். "உந்தச் சுருளில ஒண்டைப் போடுங்கோ தம்பி, கேப்பம்," என்றார். எட்டாம் சுருளைப் போட்டார்கள். அப்பு அசையாமல் கேட்டார். முடிந்ததும், "காணாமல் போன பசுவைத் தேடுற மாதிரிக் கத்துது" என்று மட்டும் சொன்னார். ஞாயிறு காலைப் பஸ்ஸில் அவர் தனியாகத்தான் போனார்.

மயில்வாகனம் அடுத்த செவ்வாய்க்கிழமை குமட்டலுக்குப் புளிப்பாக வாயில் ஒரு தேசிக்காயைக் கடித்துக்கொண்டு வள்ளம் ஏறினார். மூன்று வாரம் சத்தி எடுத்தார். நாலாவது வாரம் ஜமால்தீன் நானாவிடம் பீடி கேட்டாராம்.

இப்போது நாலு வருடங்கள் ஆகின்றன. வருடத்தில் பாதி மாதங்கள் காற்றும் அலையும் வள்ளத்தை விடாது; அப்படியிருந்தும் இதை எழுதும் நாள்வரை மலர் எண்ணி முடித்த சுருள்கள் அறுநூற்றுப் பதினெட்டு. சேர் கொழும்பிலிருந்து வருடம் ஒருமுறை வந்து வரைபடத்தில் புள்ளி வைக்கிறார். முதல் இரண்டு வருடமும் கோடு கீழே இறங்கியது. அந்த நாட்களில் மலர் சரியாகச் சாப்பிடவில்லை. போன வருடம் கோடு இறங்காமல் நின்றது. இந்த வருடம் சித்திரையில் ஒரே சுருளில் மூன்று திமிங்கிலங்களைப் பிரித்து எண்ணினாள். கடற்கரைவரை ஓடிப்போய், கத்தரிக்காயைக் கழுவிக்கொண்டிருந்த ஜமால்தீன் நானாவிடம்தான் அதை முதலில் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு தடை மிச்சம் இருந்தது.

எண்ணிக்கைகள் வெளிநாட்டுக்குப் போவது ஒரு அச்சடித்த தாளில். அதன் அடியில், கேட்டு எண்ணியவர் திகதியிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். இருபது வருடம் கழித்து யாராவது இந்த எண்ணைச் சந்தேகப்பட்டால், யாருடைய காது இது என்று தெரிய வேண்டும் என்பது அதன் காரணம். முதல் தாள் போக வேண்டியது அடுத்த கிழமைக்கு அடுத்த திங்கள்.

"நான் வைச்சு விடுறன்," என்றார் மயில்வாகனம். உதவி செய்யும் எண்ணத்தோடுதான் சொன்னார்.

"நான் கேட்டதுக்கு நீங்கள் ஏன் மாஸ்டர் பொறுப்பு நிக்க வேணும்?"

"கைநாட்டு வைத்தாலும் போதும்," என்றார் சேர். "நான் கடிதத்தில் விளக்கம் எழுதுகிறேன்."

மலர் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். "திங்களுக்கு இன்னும் ஒம்பது நாள் கிடக்குத்தானே சேர். பாப்பம்."

அவள் என்னிடம் வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. சுருள் வந்த வெறும் பெட்டி ஒன்றின் மூடியில் தன் பெயரை எழுதித் தரும்படி மயில்வாகனத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"ஏனடி, எனக்கு எழுதத் தெரியாதோ?"

"உன்ரை எழுத்து உன்ரை தையல் மாதிரி, நெருக்கி நெருக்கி. எனக்கு எங்கை தொடங்கிறது எங்கை முடியிறது எண்டு தெரியாது. அவற்றை எழுத்து ஈரத்தில மாடு நடந்த தடம் மாதிரி, எட்ட எட்டக் கிடக்கு."

அந்த ஒன்பது நாளும் முற்றத்து மணலில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் எழுத்து. 'இ' அவளை மிகவும் அலைக்கழித்தது. மூன்று நாள் அது நத்தையாகவே வந்தது. 'ரா'வில் கால் விழுந்துவிடும். கடைசி 'ர்' மேலே புள்ளியை மறந்து மறந்து வைப்பாள். அடுப்பில் சோறு பொங்கி வழியும். அகப்பைக் காம்பால் சாம்பலில் எழுதிக்கொண்டிருப்பாள். சுருள் கேட்கும் நேரம் மட்டும் எழுத்தைப் பற்றி நினைக்கக்கூடாது என்று தனக்கே கட்டளை போட்டிருந்தாள். அந்தக் கிழமை எண்ணிய ஆறு சுருள்களிலும் எழுபத்து மூன்று கூவல்கள். பிள்ளையாருடைய ஆறையும் சேர்த்து நான் எழுதினேன்.

திங்கட்கிழமை காலை தபாற்பொதியைப் பஸ்ஸில் ஏற்ற ஜமால்தீன் நானா சைக்கிளோடு படலையில் வந்து நின்றார். சேர் தாளை மேசையில் விரித்து, கைநாட்டுக்காக மைத்தட்டையும் பக்கத்தில் வைத்தார். பிறகு அவளைப் பார்த்துவிட்டு மைத்தட்டை மூடி அப்பால் நகர்த்தினார். மயில்வாகனம் தன் பேனையைத் துடைத்துக் கொடுத்தார். மலர் கதிரையின் நுனியில் இருந்தாள். பேனையைப் பிடித்த பிடியில் நகங்கள் வெளுத்திருந்தன.

"பஸ் போகப் போகுது புள்ள," என்றார் நானா வெளியிலிருந்து.

"நிக்கச் சொல்லுங்கோ," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

அப்புவின் பெயரான சிற்றம்பலத்தின் முதல் எழுத்தை எழுதிப் புள்ளி வைத்தாள். பிறகு தன் பெயர், ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டு போயிற்று. கடைசி எழுத்துக்கு வந்து, பேனையைத் தூக்கினாள். நாங்கள் எல்லோரும் அந்தப் புள்ளிக்காகக் காத்து நின்றோம். அவள் அதை வைத்தாள், நன்றாக அழுத்தி, தாள் பொத்துப்போகாத அளவுக்கு. பிறகு, "அக்கா, இண்டைக்கு என்ன திகதி? அதையும் நானே போடுறன்" என்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் இலக்கம் இலக்கமாகப் போட்டாள்.

சி. இராசமலர். 14.6.1965.